பாக்டீரியஃபாஜ் (பாக்டீரியா உண்ணி)

பாக்டீரியஃபாஜ் என்பது பாக்டீரியாவைத் தொற்றி அதனுள்ளேயே பெருகும் வைரஸ். சுருக்கமாக ஃபாஜ் எனவும், தமிழில் பாக்டீரியா உண்ணி எனவும் வழங்கும். மனித செல்லையோ விலங்கின் செல்லையோ இது தொற்றுவதில்லை. ஆயினும் ஒரு வைரஸ் செல்லுக்குள் எவ்வாறு நுழைகிறது, அங்கே எவ்வாறு பெருகுகிறது, வெளியேறி அடுத்த செல்லை எவ்வாறு அடைகிறது என்பவற்றை அறிவியல் பெரும்பாலும் ஃபாஜ்களிடமிருந்தே கற்றுக்கொண்டது. விலங்கு வைரஸை ஆராய உயிருள்ள விலங்கோ வளர்ப்புத் திசுவோ தேவைப்பட்டது. ஃபாஜுக்கு ஒரு குடுவை பாக்டீரியாவும் அரை மணி நேரமும் போதுமாக இருந்தன.

கண்டுபிடிப்பு

1896இல் ஆக்ராவில் பணியாற்றிய பிரித்தானிய நுண்ணுயிரியலாளர் எர்னஸ்ட் ஹான்பரி ஹேங்கின், கங்கை, யமுனை ஆற்று நீரில் காலராக் கிருமிகள் விரைவில் மடிவதாகப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதினார். நுண்ணிய வடிகட்டியில் வடித்த பிறகும் நீருக்கு அந்தத் திறன் இருந்தது, கொதிக்கவைத்ததும் போய்விட்டது. ஆவியாகக்கூடிய ஏதோ ஒரு வேதிப்பொருளே காரணம் என அவர் கருதினார். வடிகட்டியைக் கடப்பதும் வெப்பத்தில் அழிவதும் வைரஸுக்குப் பொருந்தும் இயல்புகள் என்பதால், ஃபாஜின் வரலாற்றை இந்த அவதானிப்பிலிருந்து தொடங்குவது வழக்கம்.

1915இல் லண்டனில் ஃபிரெடெரிக் டுவார்ட், தம் ஆய்வுத் தட்டுகளில் வளர்ந்த பாக்டீரியாத் திட்டுகள் சில கண்ணாடிபோல் தெளிந்து அழிவதைக் கண்டார். அந்தத் தெளிவைத் தொட்டு நல்ல திட்டில் வைத்தால் அதுவும் அழிந்தது. ஆனால் போர்க்காலச் சூழலாலும் பணமின்மையாலும் அவர் ஆய்வு அத்துடன் நின்றது.

1917 செப்டம்பரில், பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் தெரெல் இதே நிகழ்வைத் தனியாகக் கண்டறிந்து வெளியிட்டார். சீதபேதியிலிருந்து மீண்டுவரும் நோயாளிகளின் மலத்தை வடிகட்டி, அந்த வடிநீரைச் சீதபேதிக் கிருமியுடன் கலந்தபோது கிருமிகள் கரைந்து மறைந்தன. தட்டில் பரப்பிய பாக்டீரியாப் படலத்தில் தெளிந்த சிறு வட்டங்கள் தோன்றின. வடிநீரை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தாரோ அத்தனை மடங்கு வட்டங்கள் குறைந்தன. ஆனால் ஒவ்வொரு வட்டமும் முழுமையாகவே இருந்தது. நீரில் கரைந்த பொருளானால் அதன் வீரியம் எங்கும் ஒரே சீராகக் குறைந்திருக்க வேண்டும். எண்ணக்கூடிய தனித்தனித் துகள்கள், ஒவ்வொன்றும் விழுந்த இடத்தில் பெருகித் தன் வட்டத்தை உண்டாக்குகின்றன என்ற முடிவுக்கு தெரெல் வந்தார். பாக்டீரியஃபாஜ் என்னும் பெயர் அவர் சூட்டியது. வைரஸ்களை எண்ண இன்றும் பயன்படும் முறை இந்த வட்டங்களிலிருந்தே பிறந்தது.

இந்த முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற ழூல் போர்டே உட்படப் பலர், பாக்டீரியா தானே சுரக்கும் நொதிதான் அதைக் கரைக்கிறது என வாதிட்டனர். 1940இல் ஜெர்மனியில் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஃபாஜ் துகள்களை நேரடியாகக் காட்டியது. 1942இல் சால்வடோர் லூரியாவும் தாமஸ் ஆண்டர்சனும் அமெரிக்காவில் எடுத்த படங்களில் தலையும் வாலும் தெளிவாகத் தெரிந்தன. நொதி என்ற வாதம் அதன்பின் வலுவிழந்தது.

பெருக்கத்தின் புதிர் அவிழ்ந்த விதம்

1939இல் கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் எமரி எல்லிஸும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் செய்த சோதனை ஒரு திருப்புமுனை. பாக்டீரியாக்களை ஒரே நேரத்தில் ஃபாஜ் தொற்றும்படி செய்து, நிமிடத்துக்கு நிமிடம் துகள்களை எண்ணினார்கள். 37 பாகை செல்சியஸில் சுமார் 30 நிமிடம் எண்ணிக்கை அசையவில்லை. பிறகு ஒரே தாவலாக ஏறியது: தொற்றிய ஒவ்வொரு செல்லும் சராசரியாக 60 புதிய துகள்களை வெளிவிட்டது. பாக்டீரியா ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். வைரஸ் அப்படிப் பெருகுவதில்லை என்பது இதிலிருந்து தெரிந்தது.

அந்த அரை மணி நேரத்தில் செல்லுக்குள் என்ன நடக்கிறது? தொற்றிய செல்களைப் பாதியில் உடைத்துப் பார்த்தார் ஆகஸ்ட் டோர்மன். தொடக்க நிமிடங்களில் உடைத்த செல்லில் தொற்றும் திறனுள்ள ஃபாஜ் ஒன்றுகூட இல்லை. உள்ளே போன ஃபாஜும் காணாமற்போயிருந்தது. வைரஸ் முழு உருவோடு உள்ளே உட்கார்ந்து குட்டி போடுவதில்லை. அது தன்னைக் கலைத்துக்கொள்கிறது. அதன் பிறகே புதிய பாகங்கள் உருவாகின்றன.

1952இல் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் அடுத்த கேள்விக்கு விடை கண்டார்கள். ஃபாஜின் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளமிட்டு பாக்டீரியாவைத் தொற்றச் செய்தனர். பிறகு சமையலறை மிக்ஸி போன்ற கருவியில் சுழற்றி, வெளியே ஒட்டியிருந்த கூடுகளைப் பிரித்தெடுத்தனர். கந்தகத்தின் பெரும்பகுதி கூட்டோடு வெளியே நின்றது. பாஸ்பரஸின் பெரும்பகுதி செல்லுக்குள் போயிருந்தது. புதிய ஃபாஜ்களைக் கட்டும் செய்தி டி.என்.ஏ.வில்தான் இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. டெல்ப்ரூக், ஹெர்ஷி, லூரியா மூவரும் 1969இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

சிதைவுச் சுழற்சி

ஈ.கோலை பாக்டீரியாவைத் தொற்றும் டி4 ஃபாஜ் இச்சுழற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதன் மொத்த நீளம் சுமார் 200 நானோமீட்டர். பலமுகத் தலைக்குள் ஏறத்தாழ 1,69,000 காரஇணைகள் கொண்ட டி.என்.ஏ. மிக நெருக்கமாகத் திணிக்கப்பட்டிருக்கிறது. தலைக்குக் கீழே சுருங்கக்கூடிய உறை கொண்ட வால். வாலின் நுனியில் அடித்தட்டும் ஆறு நீண்ட நார்களும் உள்ளன.

ஒட்டிக்கொள்ளல்: ஃபாஜுக்கு நீந்தவோ தேடவோ தெரியாது. நீரின் அசைவில் மிதந்து செல்லின் மீது மோதுகிறது. வால் நார்கள் செல்லின் மேற்பரப்பிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளோடு பொருந்தினால் மட்டுமே ஒட்டும். பூட்டுக்கேற்ற சாவிபோன்ற இந்தப் பொருத்தமே ஒரு ஃபாஜ் எந்தப் பாக்டீரியாவைத் தொற்றும் என்பதைப் பெரிதும் வரையறுக்கிறது.

ஊடுருவல்: அடித்தட்டு உருமாறுகிறது, வாலின் உறை சுருங்குகிறது, உள்ளிருக்கும் குழல் செல்லின் வெளிச்சவ்வைத் துளைக்கிறது. குழலின் நுனியிலுள்ள நொதி செல்சுவரை அரிக்க, டி.என்.ஏ. உள்ளே பாய்கிறது. வெற்றுக் கூடு வெளியே தங்கிவிடுகிறது.

உற்பத்தி: ஃபாஜின் மரபணுக்கள் செல்லின் இயக்கத்தைக் கைப்பற்றுகின்றன. பாக்டீரியாவின் டி.என்.ஏ. துண்டாடப்பட்டு, புதிய ஃபாஜ் டி.என்.ஏ.வுக்கு மூலப்பொருளாகிறது. செல்லின் ரைபோசோம்கள் இனி ஃபாஜின் புரதங்களையே செய்கின்றன.

தொகுப்பு: தலை, வால், நார் ஆகியவை தனித்தனியே உருவாகி, வரிசை மாறாமல் ஒன்றுசேர்கின்றன. 1966இல் ராபர்ட் எட்கரும் வில்லியம் உட்டும் இப்பாகங்களைச் சோதனைக் குழாயில் கலந்தபோது அங்கேயும் அவை இணைந்து தொற்றும் ஃபாஜ்கள் ஆயின.

வெளியேற்றம்: குறித்த நேரத்தில் ஒரு புரதம் உள்சவ்வில் துளையிடுகிறது. அதன் வழியே செல்லும் நொதி செல்சுவரைச் சிதைக்க, செல் வெடித்து நூறு முதல் இருநூறு வரை புதிய ஃபாஜ்கள் சிதறுகின்றன. தெரெல் கண்ட தெளிந்த வட்டம் இவ்வாறு அடுத்தடுத்த செல்கள் வெடித்ததன் தடம்.

உறக்கநிலைச் சுழற்சி

எல்லா ஃபாஜ்களும் உடனே கொல்வதில்லை. சில தம் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வோடு இணைத்துவிட்டு அடங்கியிருக்கும். பாக்டீரியா பிரியும்போதெல்லாம் அதுவும் நகலெடுக்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும். ஆந்த்ரே லுவோஃப் பாரிஸில் ஒற்றைப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து நுண்ணோக்கியில் தொடர்ந்து கவனித்து இந்நிலையை நிறுவினார். புறஊதாக் கதிர் பட்டால் உறங்கும் ஃபாஜ் விழித்துச் சிதைவுச் சுழற்சியில் இறங்குவதையும் அவர் குழு 1950இல் காட்டியது. இவ்வகையில் புகழ்பெற்ற லாம்டா ஃபாஜைக் கண்டறிந்தவர் எஸ்தர் லெடர்பெர்க்.

உறங்கும் ஃபாஜ் சும்மா இருப்பதில்லை. தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சு, அதனுள் தங்கிய ஃபாஜிலிருந்தே வருகிறது என்பதை நோக்கி விக்டர் ஃப்ரீமன் 1951இல் வழிகாட்டினார். கல்கத்தாவில் சம்புநாத் டே 1959இல் காலரா நச்சை நிறுவினார். அந்த நச்சுக்கான மரபணுக்களைக் காலராக் கிருமிக்குக் கொடுப்பதும் ஒரு ஃபாஜே என 1996இல் மேத்யூ வால்டரும் ஜான் மெக்காலனோஸும் கண்டறிந்தனர். காலராக் கிருமியைக் கொல்லும் ஃபாஜ்களும் உண்டு. அக்கிருமிக்கு ஆயுதம் தருவதும் ஃபாஜே.

பாக்டீரியாவின் தற்காப்பு

தாக்கப்படும் பாக்டீரியாவும் எதிர்த்து நிற்கிறது. அயல் டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் அதன் முதல் காவல். இவற்றை ஆராய்ந்த வெர்னர் ஆர்பர், டேனியல் நேத்தன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. மரபணுப் பொறியியல் இந்த நொதிகளைக் கொண்டே தொடங்கியது. முன்பு தாக்கிய ஃபாஜின் டி.என்.ஏ.த் துணுக்கைத் தன்னுள் பதித்துவைத்து, மறுமுறை வந்தால் அடையாளம் கண்டு வெட்டும் கிரிஸ்பர் அமைப்பு இன்னொரு காவல். தயிர் உறையவைக்கும் பாக்டீரியாவில் இது செயல்படுவது 2007இல் நிரூபிக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசுக்குரிய மரபணுத் திருத்தக் கருவி இதன் வழிவந்ததே.

மருத்துவப் பயன்பாடு

தெரெல் 1919இலேயே பாரிஸில் சீதபேதி கண்ட சிறுவர்களுக்கு ஃபாஜ் கொடுத்தார். கொடுக்கும் முன் தாமே குடித்துப் பார்த்தார். 1927இல் இந்தியாவுக்கு வந்து காலரா நோயாளிகளுக்கும் அளித்தார். அவருடைய நண்பர் கியோர்கி எலியாவா 1923இல் ஜார்ஜியாவின் திபிலிசியில் தொடங்கிய நிறுவனம் ஃபாஜ் மருத்துவத்தின் மையமாயிற்று. எலியாவா 1937இல் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார். நிறுவனம் இன்றும் இயங்குகிறது. 1940களில் பெனிசிலின் பரவியதும் மேற்கு நாடுகள் ஃபாஜைக் கைவிட்டன. ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகிய பின் மீண்டும் அதை நாடுகின்றன. 2016இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கிருமியால் மயக்கநிலையில் கிடந்த டாம் பேட்டர்சன் என்ற பேராசிரியர் ஃபாஜ் சிகிச்சையால் மீண்டார்.

ஆனால் பாக்டீரியாவை அழிக்கிறது என்பதற்காக ஒரு ஃபாஜை மருந்தாக்கிவிட முடியாது. உறங்கக்கூடிய ஃபாஜ், கொல்ல வேண்டிய கிருமிக்கே நச்சு மரபணுவைத் தந்துவிடலாம். எனவே சிகிச்சைக்குச் சிதைவுச் சுழற்சியில் மட்டுமே பெருகும் ஃபாஜ்களைத் தெரிவுசெய்து, அவற்றின் மரபுத்தொகுதியில் நச்சு மரபணு இல்லை என்பதையும் உறுதிசெய்கிறார்கள். செல்லுக்குள் நுழைந்த பின் ஒரு ஃபாஜ் என்ன செய்கிறது என்பதே அது மருந்தாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிக்கிறது.