நாகையின் ‘சமணக் கோபுரம்’

நாகப்பட்டினத்திற்கு வடக்கே, கடலோடிகளுக்கு அடையாளமாகப் புதுவெளிக் கோபுரம் என்னும் பழங்கட்டடம் ஒன்று நின்றிருந்தது. ஆங்கிலேயர் நில அளவைப் படம் அதனைச் சமணக் கோபுரம் என்றே குறித்தது. 1846இல் அதனைக் கண்ட வால்டர் எலியட் அதன் அமைப்பை விவரித்துள்ளார்: நாற்கோண வடிவில் மூன்று நிலைகள், சாந்தின்றி நெருக்கி அடுக்கிய செங்கற்கள், நிலைகளைப் பிரிக்கும் கொடுங்கை, பக்கந்தோறும் நடுவில் ஒரு திறப்பு, மேற்கூரை இல்லை, சிற்பமோ கல்வெட்டோ இல்லை.

உண்மையில் அது பௌத்தருடையது என்பதே ஆய்வாளர் கருத்து. இராசராச சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரம் இவ்வூரிலேயே இருந்தது. கோபுர வளாகத்தில் புத்தர் படிமங்களும் கிடைத்தன. ஆயினும் இயேசு சபையார் வேண்ட, 1867இல் அரசு இசைவளிக்க, கோபுரம் இடிக்கப்பட்டது.

வழிபடுவோர் அற்றுப்போன கட்டடம் முதலில் தன் பெயரை இழந்தது. பின்பு தன்னையே இழந்தது. சோழநாட்டுத் தீபங்குடியில் ஆதிநாதர் ஆலயம் இன்றும் நிற்கிறதெனில், அங்கே விளக்கேற்றுவோர் உள்ளமையே காரணம்.