இரும்புக்கு வரும் காய்ச்சல்

குழந்தைக்கு உடம்பு சுட்டால் தாய் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். பட்டறையில் அநுபவப்பட்ட பிட்டரும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் கழுத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கை பொறுத்தால் ஓடட்டும் என்று விட்டுவிடுவார். பொறுக்காவிட்டால் உடனே நிறுத்திவிடுவார். இந்தக் கைவைத்தியத்துக்குப் பின்னால் இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று உண்டு. அதில் ஒரு பிரபு வருகிறார், குதிரைகள் வருகின்றன, தானாக எழுந்து வெளியே வரும் ஒரு மரக்கட்டைகூட வருகிறது. கற்பனை மட்டும் இல்லை.

முதலில் நோயாளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மேஜைமேல் வைத்துவிடக்கூடிய சிறு சி.என்.சி. மில்லிங் இயந்திரங்கள் இப்போது எத்தனையோ பட்டறைகளுக்கு வந்துவிட்டன. கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் அது தானே நகர்ந்து உலோகத்தைச் செதுக்கும். அதன் உயிர்நாடி ஸ்பிண்டில் என்ற சுழல்தண்டு. வெட்டும் கத்தியைப் பிடித்துக்கொண்டு சுழல்வது அதுதான். இவற்றில் பல, நிமிஷத்துக்கு 24,000 சுற்றுச் சுழலும். அதாவது, வினாடிக்கு 400. இவ்வளவு ஆட்டம் போடுகிறவனுக்குக் காய்ச்சல் வராமல் இருக்குமா?

காய்ச்சலின் மூலத்தை முதலில் துருவிப் பார்த்தவர் பெஞ்சமின் தாம்ப்ஸன் என்ற அமெரிக்கர். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1753-இல் மாஸசூஸெட்ஸில் பிறந்தார். அமெரிக்கா சுதந்திரத்துக்குப் போராடியபோது ஆங்கிலேயருக்கு உளவு சொன்னார். மனைவியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டுக் கடல் கடந்தார். கடைசியில் ஜெர்மனியிலுள்ள பவேரியாவில் மன்னருக்கு வேண்டியவராகி, 'கவுண்ட் ரம்போர்டு' என்ற பட்டமும் பெற்றார். ஆனால் கண்ணெதிரே நடப்பதைக் கேள்வி கேட்காமல் விடாத புத்தி அவருக்கு இருந்தது. அந்த ஒன்றுக்காக அவரை மன்னித்துவிடலாமா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

மியூனிக் ஆயுதசாலையில் பீரங்கி வார்ப்புகளைத் துளை போடும் வேலை அவர் மேற்பார்வையில் நடந்தது. துளை போடப் போட, பித்தளைப் பீரங்கி தகிக்கும். உதிரும் சீவல் அதைவிடத் தகிக்கும். வேலைக்காரர்களுக்கு இது தினப்படி சமாசாரம். 'இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?' என்று ரம்போர்டு கேட்டார்.

அந்தக் காலத்துப் பண்டிதர்களிடம் இதற்கு விடை தயாராக இருந்தது. வெப்பம் என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம். உலோகத்தைச் சீவும்போது அது பிழிந்துவிட்ட எலுமிச்சைச் சாறு போல வெளியே வருகிறது என்றார்கள். பிரெஞ்சு மேதை லவாய்ஸியே இந்தத் திரவத்துக்குப் பெயரே சூட்டிவைத்திருந்தார். 'பிழிந்தால் சாறு தீரவேண்டுமே!' என்பது ரம்போர்டின் வாதம்.

அவர் வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவி ஒன்றை எடுத்துக்கொண்டார். சீவல் அதிகம் விழாது; உராய்வுதான் அதிகம். உராயும் இடத்தைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அமைத்து, சுமார் எட்டரைக் கிலோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றினார். குதிரைகளைக் கட்டி, நிமிஷத்துக்கு 32 சுற்று வீதம் சுற்றவைத்தார். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் நன்றாக வெதுவெதுத்தது. இரண்டு மணி நேரத்தில் கை வைக்க முடியவில்லை. இரண்டரை மணி நேரத்தில் தளதளவென்று கொதித்தது! அடுப்பில்லை, விறகில்லை, நெருப்பின் அடையாளமே இல்லை. சூழ்ந்து நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். தமக்கும் அப்போது சிறு பிள்ளையைப் போன்ற சந்தோஷம் உண்டாயிற்று என்று ரம்போர்டே ஒப்புக்கொண்டிருக்கிறார். 1798 ஜனவரியில் லண்டன் ராயல் சொஸைட்டியில் இது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. குதிரை சுற்றுகிற வரையில் சூடு வந்துகொண்டே இருக்கும். தீராத பொருள் திரவமாக இருக்க முடியாது. அது அசைவின் இன்னொரு ரூபமாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர் முடிவு.

லவாய்ஸியே அப்போது உயிரோடு இல்லை. 1794-இல் புரட்சிக்காரர்கள் அவர் தலையை வாங்கிவிட்டார்கள். அவருடைய விதவையைப் பிற்பாடு மணந்துகொண்டவர் யார் தெரியுமா? இதே ரம்போர்டுதான். இருவருக்கும் ஒத்துவரவில்லை. மனைவி அழைத்த விருந்தாளிகளை உள்ளே விடாமல் ஒரு நாள் இவர் வாசற்கதவைப் பூட்டிவிட, அந்த அம்மாள் இவர் ஆசையோடு வளர்த்த பூச்செடிகளின்மேல் கொதிக்கிற தண்ணீரைக் கொட்டிவிட்டாளாம். இதை அவரே மகளுக்கு எழுதியிருக்கிறார். அந்தத் தண்ணீர் மட்டும் அடுப்பில் காய்ந்ததாகத்தான் இருக்கவேண்டும்.

சூடு பிறந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்த பிறகு இரண்டே வழிகள்தாம். பிறந்த சூட்டை உடனுக்குடன் அப்புறப்படுத்துவது ஒன்று. 1880-களில் அமெரிக்காவில் மிட்வேல் உருக்காலையில் பிரெடரிக் டெய்லர் அதைத்தான் செய்தார். கத்தி வெட்டும் இடத்தில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, வெட்டும் வேகத்தை நூற்றுக்கு முப்பது நாற்பது பங்கு உயர்த்திக் காட்டினார். மற்றொன்று, சூடு அதிகம் பிறக்கவிடாமல் செய்வது. சுவாரசியமெல்லாம் இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

நம் ஊர் மாட்டுவண்டிக்காரர் அச்சில் வண்டி மை போடாமல் கிளம்பமாட்டார். ஆனால் அந்த மை அச்சுக்கும் குடத்துக்கும் நடுவில் என்ன செய்கிறது என்பதை உலகத்தில் ஒருவரும் சரியாக அறிந்திருக்கவில்லை. ரெயில் வண்டிகளில் அச்சுப் பெட்டி கொதித்து, எண்ணெயில் ஊறிய பஞ்சு தீப்பிடிப்பது அந்த நாளில் சர்வசாதாரணம். இதைக் கண்டறிய இங்கிலாந்தின் மெக்கானிகல் எஞ்சினியர்கள் சங்கம் பீச்சம் டவர் என்பவரை நியமித்தது. அவர் 1883-இல் அறிக்கை கொடுத்தார்.

டவர் ஒரு தண்டின் அடிப்பாகம் எண்ணெயில் தோயும்படி அமைத்து, மேலே அரைவட்டப் பித்தளைத் தாங்கியை உட்காரவைத்துச் சோதித்தார். எல்லோரும் செய்வது போல் மேலிருந்து எண்ணெய் விடலாம் என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். மறுபடி ஓட்டியபோது ஒரு விந்தை நடந்தது. எண்ணெய் உள்ளே போகவேண்டிய துளை வழியாக வெளியே பொங்கி வழிந்தது! மரக்கட்டையை வைத்து அடைத்தார். கட்டை மெல்ல மெல்ல மேலே எழுந்து வெளியே வந்துவிட்டது. பிறகு அழுத்தமானியைப் பொருத்தினார். முள் 200 பவுண்டையும் தாண்டிப் போயிற்று. தாங்கியின்மேல் இருந்த சராசரி பாரமோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான்.

இதற்கு என்ன அர்த்தம்? சுழலும் தண்டு தானே எண்ணெயை இழுத்துவந்து தனக்கு ஒரு மெத்தை போட்டுக்கொள்கிறது. பாரம் முழுவதும் அந்த மெல்லிய ஏட்டின்மேல் மிதக்கிறது. இரும்பும் பித்தளையும் தொட்டுக்கொள்வதே இல்லை. எண்ணெய் விடுவதற்காக எல்லோரும் துளை போட்ட இடமோ, எண்ணெய் தப்பி ஓடுவதற்கு மிகவும் வசதியான வாசல்! 1886-இல் ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் இதற்குக் கணிதம் எழுதிக்கொடுத்தார்.

மெத்தை இருந்தும் காய்ச்சல் வருவதுண்டு. ஸ்வீடனில் காட்டன்பர்க் நகரத்து நெசவாலை ஒன்றில் ஸ்வென் விங்க்விஸ்ட் என்ற எஞ்சினியர் இருந்தார். ஆலை நின்றதோ களிமண் பூமியில். மண் அசைய அசைய, நீண்ட தண்டுகள் கோணிக்கொண்டன. பேரிங்குகள் சூடேறி நாசமாயின. பூமியை நிமிர்த்த முடியாதென்று கண்ட அவர், தண்டு கோணினாலும் கூடவே சாய்ந்துகொடுக்கும் இரட்டை வரிசைக் குண்டு பேரிங்கை 1907-இல் உருவாக்கினார். எஸ்.கே.எப். கம்பெனி அந்த வருஷமே பிறந்தது.

பிறகு இயந்திரத்தின் பக்கத்திலிருந்த மனிதர் விலகினார். மிச்சிகனில் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துவந்த ஜான் பார்ஸன்ஸ், அளவுகளை எண்களாக்கி இயந்திரத்துக்கு ஊட்டலாம் என்று யோசித்தார். 1949-இல் அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. 1952-இல் எம்.ஐ.டி.யில், துளையிட்ட நாடாவைப் படித்துத் தானே வெட்டும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். நாடாவுக்கு வேகம் தெரியும், தூரம் தெரியும், காய்ச்சல் தெரியாது. கழுத்தில் கை வைத்துப் பார்க்க ஆள் இல்லை.

இன்றைய சிறு இயந்திரத்துக்கு அதனால்தான் முன்ஜாக்கிரதை வேண்டியிருக்கிறது. காற்றால் குளிரும் பல ஸ்பிண்டில்களில் விசிறி அதே தண்டின் வாலில் இருக்கிறது. மெதுவாகச் சுழலவிட்டுப் பெரிய வெட்டுப் போட்டால் சூடு கூடும், காற்றோ குறையும். தண்ணீரால் குளிரும் வகையில் ரம்போர்டின் மரப்பெட்டியே உருமாறி உட்கார்ந்திருக்கிறது. குழாய் மடங்கியோ பம்பு நின்றோ போனால் தண்ணீர் ஓடாது. அதைக் கண்டவுடன் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சு ஒன்றை வைப்பது நல்லது. மழுங்கிய கத்தியோடு ஓட்டுகிறவர் அந்த மியூனிக் பரிசோதனையைத் தம் செலவில் மறுபடி நடத்துகிறார்.

கிரீஸ் விஷயத்தில் தாராளம் கூடாது. பேரிங்கின் காலி இடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். திணித்தால் குண்டுகள் அதைக் கடைந்து கடைந்தே சூடேற்றும். ஆட்டமில்லாமல் இருப்பதற்காகப் பேரிங்குகளை முன்கூட்டியே சற்று இறுக்கிப் பொருத்துகிறார்கள். உள்வளையம் வெளிவளையத்தைவிடச் சீக்கிரம் சூடாகி விரியும். விரிந்தால் இறுக்கம் கூடும். இறுக்கம் கூடினால் சூடு கூடும். கடன்காரனுக்கு வட்டி ஏறுகிற மாதிரிதான்.

நூறு மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டு 30 டிகிரி சூடேறினால் சுமார் 0.035 மில்லிமீட்டர் நீளும். தலைமயிரில் பாதி என்று அதை அலட்சியம் செய்யலாம். ஆனால் குளிர்ந்த நிலையில் வைத்த அளவு அதற்குள் பொய்யாகியிருக்கும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் காலையில் எதையும் வெட்டாமல், குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஸ்பிண்டிலைச் சும்மா ஓடவிடுகிறார்கள். சுருதி சேர்ந்த தம்புராவைப் போல அதன் ரீங்காரம் ஒரே சீராகி, சூடும் ஒரு நிலைக்கு வந்து நின்ற பிறகுதான் அளவு குறிக்கிறார்கள்.