மருந்துக் கம்பெனிகளைப் பற்றிய செய்திகளில் நியாயம்

மருந்துக் கம்பெனிகளைப் பற்றிய செய்திகளில் நியாயம் என்பது, மருந்துகளின் குணதோஷங்களையும், அவற்றை வைத்தியர்களிடமும் பொதுமக்களிடமும் பரப்புவதற்கு உற்பத்தியாளர்கள் கையாளும் வியாபார முறைகளையும் பற்றிப் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எழுதுங்கால், புகழ்வதாயினும் பழிப்பதாயினும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்னும் தொழில்நெறியைக் குறிக்கும். கம்பெனியின் கூற்றுக்கும் அதனை எதிர்ப்பவர் கூற்றுக்கும் சரிசமமாக வரிகளை ஒதுக்கிவிடுவதனால் மட்டும் இந்நெறி நிறைவேறிவிடாது. செய்தியில் காணும் ஒவ்வோர் எண்ணும் எதனைக் குறிக்கிறது, எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில், யார் கணக்கிட்டது என்பவை வாசகருக்கு விளங்கும்படி எழுதப்படும்போதே அது நிறைவேறும்.

செய்தி பிறக்கும் வழி

புது மருந்தைப் பற்றிய செய்தி பல சமயங்களில் நிருபரின் சொந்த விசாரணையிற் பிறப்பதில்லை. ஆராய்ச்சிச் சஞ்சிகையில் கட்டுரை பிரசுரமாகும்போதே கம்பெனியின் பத்திரிகைக் குறிப்பும் கைக்கு வந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் உதவியதும், அபிப்பிராயம் கூறும் நிபுணருக்குச் சன்மானம் அளிப்பதும் அதே கம்பெனியாக இருத்தலும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் நியூசிலாந்திலும், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளைக்கூடப் பொதுமக்களுக்கு நேரே விளம்பரம் செய்யச் சட்டம் இடந்தருகிறது. இந்தியாவிலோ அத்தகைய விளம்பரம் தடுக்கப்பட்டிருப்பதால், வியாபாரப் பிரசாரம் பெரும்பாலும் மெடிக்கல் ரெப் எனப்படும் விற்பனைப் பிரதிநிதிகள் வாயிலாக மருத்துவரின் அறைக்குள்ளேயே நடைபெறுகிறது. வருமானவரிச் சோதனையோ நீதிமன்ற வழக்கோ நேர்ந்தாலன்றி அது பத்திரிகைக்கு எட்டுவது அரிது.

புகழ்ச்சியில் நேரும் பிழை

ரே மாய்னிஹானும் அவருடைய சகாக்களும் 2000-ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பிராவஸ்டாட்டின், அலெண்ட்ரோனேட், ஆஸ்பிரின் ஆகிய மூன்று மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் வெளியான 207 செய்திகளை அவர்கள் பரிசீலித்தனர். பயனை எண்ணாற் கூறிய 124 செய்திகளில் நூற்றுக்கு 83 ஒப்பீட்டு விகிதத்தை மட்டுமே கொடுத்திருந்தன. மொத்தச் செய்திகளில் தீய விளைவைக் குறிப்பிட்டவை பாதிக்கும் குறைவு. கம்பெனிகளோடு பணத்தொடர்புடைய நிபுணரையோ ஆய்வையோ மேற்கோள் காட்டிய 85 செய்திகளில் 33 மட்டுமே அத்தொடர்பை வெளியிட்டிருந்தன.

ஒப்பீட்டு விகிதம் எங்ஙனம் மயக்கும் என்பதற்கு அலெண்ட்ரோனேட்டே தக்க சான்று. எலும்பு நலிவுற்ற பெண்களிடம் ஏறக்குறைய மூன்றாண்டுகள் நடைபெற்று, 1996-இல் வெளியான சோதனையில், வெற்று மாத்திரை உண்ட 1,005 பேரில் 22 பேருக்கும், மருந்து உண்ட 1,022 பேரில் 11 பேருக்கும் இடுப்பெலும்பு முறிந்தது. அபாயம் பாதியாகக் குறைந்தது என்பதும் மெய். நூற்றுக்கு இருவராயிருந்தது ஒருவராயிற்று என்பதும் மெய். முன்னதை மட்டும் படித்தவர் மருந்தை அற்புதமாகக் கருதுவார். இரண்டையும் படித்தவர், விலையையும் பக்க விளைவையும் வைத்துத் தமக்கு அது வேண்டுமா என்று தீர்மானிப்பார்.

மெர்க் கம்பெனியின் வயாக்ஸ் என்னும் மூட்டுவலி மருந்தின் வரலாற்றிலும் இத்தகைய சொல்லாட்சியே காணப்படுகிறது. அம்மருந்தை நேப்ராக்ஸனோடு ஒப்பிட்டு 2000-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வயாக்ஸ் உண்டவர்களில் நூற்றுக்கு 0.4 ஆகவும், மற்றவர்களில் 0.1 ஆகவும் இருந்தது. ஆயினும், வயாக்ஸினால் மாரடைப்பு மிகுந்தது என்று எழுதாமல், நேப்ராக்ஸன் உண்டவர்களிடம் அது குறைவு என்றே ஆய்வுச் சுருக்கம் எழுதப்பட்டிருந்தது. 2004 செப்டம்பர் 30-இல் அம்மருந்து உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

குற்றச்சாட்டில் நேரும் பிழை

பெங்களூரைச் சேர்ந்த மைக்ரோ லேப்ஸ் நிறுவனத்தில் 2022 ஜூலையில் வருமானவரிச் சோதனை நடந்தது. பின்னர் மத்திய நேரடி வரி வாரியம், நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுத்த அறிக்கையில், தன் மருந்துகளைப் பரப்ப அந்நிறுவனக் குழுமம் மருத்துவர்களுக்கு அளித்ததாகக் கூறப்படும் இலவசங்களின் மதிப்பு சுமார் 1,000 கோடி ரூபாய் என மதிப்பிட்டிருந்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் மெடிக்கல் ரெப்கள் சங்கத்தின் வழக்கில் இத்தொகை எடுத்துரைக்கப்பட்டபோது, டோலோ-650 என்னும் ஒரே காய்ச்சல் மாத்திரையை எழுதித்தரவே 1,000 கோடி வாரி இறைக்கப்பட்டதாகப் பல தலைப்புகள் முழங்கின. கொரோனா ஆண்டில் அம்மாத்திரையின் விற்பனையே சுமார் 350 கோடிதான் என்று நிறுவனம் மறுத்தது. குழுமத்தின் எல்லா மருந்துகளுக்கும் உரிய ஒரு மதிப்பீடு, ஒரு மாத்திரையின் தலையில் ஏற்றப்பட்டமையே இங்கு நேர்ந்த பிழை. அப்பிழையைச் சுட்டுவது, இலவசம் வழங்கப்பட்டதா என்னும் கேள்விக்கு விடையாகிவிடாது. நிறுவனத்தின் மறுப்பும் சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலமே என்பதையும் நியாயமான செய்தி குறிக்கவேண்டும்.

இதனோடு, 2022 பிப்ரவரி 22-இல் அபெக்ஸ் லாபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒப்பிடலாம். சென்னையிலிருந்து மேல்முறையீடாகச் சென்ற அவ்வழக்கில், ஜின்கோவிட் என்னும் சத்து மருந்தின் பொருட்டு மருத்துவர்களுக்குத் தங்க நாணயம், குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி முதலியன வழங்கிய செலவை வருமானத்திற் கழித்துக்கொள்ள இயலாது என்று நீதிமன்றம் தீர்த்தது. மருந்தின் பெயரும் பொருள்களின் பட்டியலும் தீர்ப்பிலேயே இருத்தலால், இங்கு நிருபர் ஐயமின்றி எழுதலாம். சோதனையின் மதிப்பீடு வேறு, நீதிமன்றத்தின் முடிபு வேறு. இரண்டையும் ஒரே வினைச்சொல்லால் எழுதுதல் தகாது.

சீர்திருத்த முயற்சிகள்

மருத்துவச் செய்திகளை மதிப்பிட ஆஸ்திரேலியாவில் 2004-இல் மீடியா டாக்டர் என்னும் முயற்சி தோன்றியது. அதனைப் பின்பற்றி அமெரிக்காவில் கேரி ஷ்விட்ஸர் 2006-இல் தொடங்கிய திட்டம், விலை, பயனின் அளவு, தீங்கு, சான்றின் தரம், மாற்றுச் சிகிச்சை, கம்பெனித் தொடர்பற்ற நிபுணர் கருத்து உள்ளிட்ட பத்து அளவைகளால் செய்திகளுக்கு மதிப்பெண் வழங்கியது. வியாபார முறைகளைத் திருத்தும் பொருட்டு இந்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனை ஒழுங்குமுறைக் கோட்பாடு மருத்துவர்களுக்குப் பரிசளிப்பதை விலக்கி, இலவச மாதிரி மருந்துகளுக்கும் வரம்பு விதித்தது. எனினும் அது தனிச் சட்டமன்று. செய்தி மதிப்பீட்டிலோ, ஷ்விட்ஸரின் அளவைகளுள் பெரும்பாலானவை மருந்தைப் புகழும் செய்திகளை நோக்கி வகுக்கப்பட்டவை. கம்பெனியைக் குற்றஞ்சாட்டும் செய்திகளையும் அத்துணைக் கண்டிப்போடு சோதிக்கும் முறை இத்துறையில் இன்னும் வளர்ச்சி பெறவேண்டியுள்ளது.