அமெரிக்கரின் போரும் திருகோணமலைத் துறைமுகமும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர் பெற்ற அனுபவத்தை ஆராய்வோர் நோர்மண்டியையும் பசிபிக் தீவுகளையும் கூறி அமைவர். திருகோணமலையை நினைப்போர் மிகச் சிலரே.

1944 மார்ச்சு இறுதியில் 'சரட்டோகா' என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல், மூன்று நாசகாரிக் கப்பல்கள் துணைவர, இத்துறைமுகத்தை அடைந்தது. பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படைக்கு விமானந்தாங்கிகள் போதாமையே இவ்வருகைக்குக் காரணம். ஏப்ரல் 19 ஆம் நாள் அதன் விமானங்கள், 'இலஸ்ரியஸ்' கப்பலின் விமானங்களுடன் சேர்ந்து, சுமாத்திராவுக்கு வடக்கேயுள்ள சபாங்கைத் தாக்கின. கடலில் வீழ்ந்த அமெரிக்க விமானி ஒருவரைக் கரைப்பீரங்கிகளின் சூட்டிடையே மீட்டது பிரித்தானிய நீர்மூழ்கி ஒன்றாகும்.

அவ்விமானியின் தாயகத்திலோ போர் வேறு வடிவில் உணரப்பட்டது. 1942 இல் மலாயாவும் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் வசமாகவே இறப்பர் வரத்து அற்றுப்போயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நாடெங்கும் பெற்றோல் பங்கீடு வந்தது. எரிபொருளைவிட ரயர்களைச் சேமிப்பதே அதன் தலையாய நோக்கம். வாகன வேகமும் மணிக்கு 35 மைலாகக் குறைக்கப்பட்டது. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரிற் பெரும்பங்கு இலங்கையினதே. மரங்கள் பட்டுப்போகுமளவுக்கு இங்கு பால் வெட்டப்பட்டது.

அமெரிக்கப் பெருநிலத்து நகரெதுவும் விமானக் குண்டுக்கு இரையாகவில்லை. 'கடல் கடந்த போர்', 'இல்லத்துப் போர்' என்னும் பாகுபாடு அவர்க்கே பொருந்தும். திருகோணமலை மக்களுக்கு அது பொருந்துமா? 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியபோது, எண்ணெய்க் குதம் எரிந்த புகை அவர்தம் வீட்டு முற்றத்திலேயே படிந்தது.