உருகுவேயின் பரஸ்பர உதவி வீட்டுக் கூட்டுறவுகள்

தென் அமெரிக்க நாடான உருகுவேயில், சொந்த வீடில்லாத தொழிலாளர் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, தம் உடலுழைப்பையே முதலாகப் போட்டு வீடு கட்டிக்கொள்ளும் முறை பரஸ்பர உதவி வீட்டுக் கூட்டுறவு எனப்படுகிறது. ஸ்பானிய மொழியில் இதனை 'அயூதா மூத்துவா' என்பர். இது சிரமதானம் போன்ற இலவச உழைப்பு அன்று. ஒவ்வொரு குடும்பமும் உழைத்த மணிகள் பதிவு செய்யப்பட்டு, வீட்டின் விலையில் அக்குடும்பத்தின் பங்காக வரவு வைக்கப்படுகின்றன.

பின்னணி

கம்பளி, இறைச்சி ஏற்றுமதியால் செழித்திருந்த உருகுவேயின் பொருளாதாரம் 1950களின் நடுப்பகுதியிலிருந்து சரியத் தொடங்கியது. 1967இல் பணவீக்கம் 100 விழுக்காட்டைத் தாண்டியது. கூலி வாங்குவோருக்கு வீட்டுக்கடன் எட்டாக்கனியானது. இந்நிலையில், 1961இல் தொடங்கப்பட்ட உருகுவே கூட்டுறவு மையத்தின் வழிகாட்டலில், தலைநகருக்கு வெளியே மூன்று ஊர்களில் சோதனை முயற்சியாகக் கூட்டுறவு வீடுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று இஸ்லா மாலா என்னும் சிற்றூர்.

1968ஆம் ஆண்டுச் சட்டம்

1968 டிசம்பர் 17 அன்று தேசிய வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. கட்டடக் கலைஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஹுவான் பாப்லோ தெர்ரா இதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர். கூட்டுறவு வீடுகளுக்கென இச்சட்டத்தில் ஒரு தனி அத்தியாயமே இடம்பெற்றது. வீட்டுக்கடனின் மதிப்பு சராசரிக் கூலியின் உயர்வுக்கு ஏற்ப மாறும் கணக்கு அலகு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. விலைவாசி கூலியை மிஞ்சி ஏறினாலும், அந்த வேகத்தில் தவணை ஏறாதபடி இது காத்தது.

1970 மே 24 அன்று கூட்டுறவுகள் ஒன்றிணைந்து ஃபுக்வாம் என்ற கூட்டமைப்பை அமைத்தன.

செயல்படும் முறை

செலவில் பெரும்பகுதியை அரசு நீண்டகாலக் கடனாக வழங்கும். சுமார் 15 விழுக்காட்டைக் குடும்பங்கள் உழைப்பாகச் செலுத்தும். பொதுவாக ஒரு குடும்பம் வாரத்துக்கு 21 மணி நேரம் உழைக்க வேண்டும். மாலை வேளைகளிலும் வார இறுதிகளிலும் கணவனோ மனைவியோ வளர்ந்த பிள்ளைகளோ முறை வைத்து வேலைக்கு வருவர். செங்கல் சுமப்பது, கலவை போடுவது, பொருள்களைப் பதிவேட்டில் எழுதுவது, இரவுக் காவல் எனப் பணிகள் பகிரப்படும். தேர்ச்சி வேண்டிய வேலைகளுக்குக் கூலிக்கு ஆள் வைப்பர். கட்டடக் கலைஞர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர், கணக்கர் ஆகியோரைக் கொண்ட தொழில்நுட்ப உதவி நிறுவனம் ஒன்று சங்கத்துக்குத் துணை நிற்கும். அதன் கட்டணத்துக்குச் சட்டமே வரம்பு விதித்துள்ளது.

எந்த வீடு எவருக்கு என்பது பெரும்பாலும் கட்டுமானம் முடியும் தறுவாயில் குலுக்கல் மூலம் முடிவாகும். அதுவரை தம் வீடு எது என்று தெரியாததால் அனைவரும் எல்லா வீடுகளையும் ஒரே அக்கறையோடு கட்டுவர்.

பரஸ்பர உதவிக் கூட்டுறவுகளில் மிகப் பெரும்பாலானவை பயனர் கூட்டுறவுகளாகும். இவற்றில் வீடுகளின் உடைமை சங்கத்துக்கே உரியது. குடும்பத்துக்கு உள்ளது வாழும் உரிமை; அது பிள்ளைகளுக்கும் செல்லும். விலகிச் செல்பவருக்கு அவர் செலுத்திய பங்கு திருப்பித் தரப்படும். ஆனால் சந்தை விலைக்கு வீட்டை விற்க முடியாது.

சர்வாதிகாரக் காலம்

1973 ஜூன் 27 அன்று நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் இந்த இயக்கம் நெருக்கடிக்கு உள்ளானது. புதிய சங்கங்கள் அங்கீகாரம் பெறுவது கடினமாயிற்று. 1983இல் தவணைத் தொகை உயர்த்தப்பட்டபோது, சங்கங்கள் அந்த உயர்வைச் செலுத்த மறுத்தன. அதே ஆண்டின் இறுதியில், பயனர் கூட்டுறவுகளைத் தனித்தனி வீட்டுடைமைகளாக மாற்றும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது.

உறுப்பினர்களுக்குத் தனிப் பட்டா கிடைக்கும் என்பதால், மேலோட்டமாகப் பார்த்தால் அது சலுகை போலவே தோன்றியது. ஆயினும் கூட்டுடைமை சிதைந்தால், தவணை தவறும் குடும்பம் தனித்து நின்று வீட்டை இழக்கும் என்பதைச் சங்கங்கள் உணர்ந்தன. பொது வாக்கெடுப்புக் கோரி 1984 பிப்ரவரி 26 அன்று வீடு வீடாகச் சென்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளை ஒரே நாளில் திரட்டின. அன்று நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 30 லட்சம். இராணுவ ஆட்சியின் கீழ் பெயரெழுதிக் கையெழுத்திடுவதே துணிவு வேண்டிய செயலாக இருந்தது. அச்சட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

பின்னாளைய வளர்ச்சி

1985இல் மக்களாட்சி திரும்பிய பின்னரும் நிலம் கிடைப்பது பெரும் சிக்கலாகவே இருந்தது. 1989இல் ஃபுக்வாம் நிலம் கோரிப் போராடியது. 1990இல் மொண்டேவீடியோ மாநகர நிர்வாகம் கூட்டுறவுகளுக்கு நிலம் ஒதுக்க நில வங்கி ஒன்றை ஏற்படுத்தியது. பராகுவே, பொலிவியா, எல் சால்வடார், குவாத்தமாலா முதலிய நாடுகளிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. அதற்காக 2012இல் ஃபுக்வாமுக்கு உலக வாழிட விருது வழங்கப்பட்டது.

மதிப்பீடு

இம்முறையில் குறைகளும் உண்டு. கடனுக்கும் நிலத்துக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. பகல் முழுவதும் வேலை செய்து களைத்தவர்கள் ஓய்வு நேரத்திலும் உழைக்க வேண்டியுள்ளது. கட்டுமானத்தில் பெரும்பங்கு ஏற்கும் பெண்களுக்கு வீட்டு வேலையும் சேர்ந்துகொள்கிறது. 15 விழுக்காடு என்ற எண்ணை மட்டும் நோக்கினால் இவ்வளவு உழைப்புக்குக் கிடைக்கும் சேமிப்பு குறைவு எனலாம். ஆனால் கட்டுமானக் காலத்தில் கணக்குப் பார்க்கவும், கூடி முடிவெடுக்கவும் பழகியவர்களே பின்னர் தம் குடியிருப்புகளில் நூலகம், குழந்தைகள் காப்பகம், மருந்தகம் ஆகியவற்றை அமைத்தனர். 1984இல் கையெழுத்துத் திரட்ட ஒரே நாளில் தெருவில் இறங்க முடிந்ததும் அந்தப் பழக்கத்தால்தான்.