வண்டியை மாற்றுவதா, கையை மாற்றுவதா?

பாண்டிச்சேரியில் பிரான்சில் ஒரு கிளை இல்லாத குடும்பம் குறைவு. எங்கள் கிளை துலூஸ் பக்கம் இருக்கிறது. என் தம்பியின் பேரன் அங்கே வேலையில் சேர்ந்த கையோடு ஒரு பழைய பெழோ கார் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்லாலோம் போட்டிக்குப் போக ஆரம்பித்திருக்கிறான். மூன்று போட்டிக்குப் போனான், மூன்றிலும் கடைசி வரிசை. "தாத்தா, நல்ல டயரும் புது சஸ்பென்ஷனும் போட்டால் முன்னுக்கு வந்துவிடலாமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

ஸ்கூட்டருக்கு மேல் எதையும் ஓட்டாத ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் லிசேயில் படித்த நாளிலிருந்து பிரெஞ்சு மோட்டார் பத்திரிகை எது கையில் கிடைத்தாலும் விடாமல் படித்தவன் நான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிப்பு அறுபது வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒருவனுக்குப் பயன்படுகிறது. அவனுக்கு எழுதிய பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் இதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். பெரிய கார் நிறுத்துமிடத்திலோ பழைய விமான ஓடுபாதையிலோ, ரோடு வேலை நடக்கும் இடத்தில் வைப்பார்களே, அந்த மாதிரி ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து ஒரு வளைவுப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். ஒரு சுற்று ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி தண்டம். நாம் எழுதிய தட்டச்சுத் தேர்வு நினைவுக்கு வருகிறதா? எவ்வளவு வேகமாக அடித்தாலும் பிழைக்குப் பிழை மதிப்பெண் போய்விடும். அதே கணக்குதான். பிரான்சில் ஆட்டோகிராஸ் என்றால் மண் தரையில் பல வண்டிகள் ஒன்றாக ஓடும் வேறொரு போட்டி. கூம்பு விளையாட்டுக்கு அங்கே ஸ்லாலோம் என்று பெயர்.

இந்த விளையாட்டுக்கு இடம் கொடுத்தது இரண்டாம் உலகப் போர் என்றே சொல்லலாம். போருக்காக அவசர அவசரமாகப் போட்ட விமான ஓடுபாதைகள் போர் முடிந்ததும் சும்மா கிடந்தன. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோனும் ஸ்னெட்டர்டனும் அப்படிப் பந்தயத்துக்கு வந்த விமானத் தளங்கள். அமெரிக்காவில் 1950களின் தொடக்கத்தில் விமானப்படைத் தளங்களிலேயே பந்தயம் நடந்தது. நமக்குச் சோழவரம். அதுவும் போர்க்கால ஓடுபாதைதான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே நடத்திய பந்தயங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நானும் 1970களில் ஒருமுறை அலுவலக நண்பர்களோடு போய், புழுதியைத் தின்றுகொண்டு நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

அங்கே ஒரு வளைவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு வண்டி டயர் கிறீச்சிட, பின்பக்கம் வாலை ஆட்டிக்கொண்டு வளைந்தது. கூட்டம் கைதட்டியது. அதற்குப் பின்னால் வந்த இன்னொரு வண்டி சத்தமே இல்லாமல், கோவில் தேர் திரும்புவது போலத் திரும்பிப் போனது. அதற்கு யாரும் கை தட்டவில்லை. ஆனால் நாலைந்து சுற்றில் சத்தமில்லாத வண்டி முன்னால் போய்விட்டது. கையில் கடிகாரம் வைத்திருந்த ஒருவர் மட்டும் ஆரம்பத்திலிருந்தே அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கான காரணத்தை இத்தாலிக்காரர் பியரோ தாருஃபி அப்போதே கணக்காக எழுதியிருந்தார். அவர் பொறியாளர். 1957இல் தம் 50ஆவது வயதில் மில்லே மில்யா என்ற பெரிய சாலைப் பந்தயத்தை வென்றவர். வளைவை ஒரு வட்டத்தின் துண்டாக எண்ணிக்கொள்ளுங்கள். வட்டம் பெரிதானால் டயர் வழுக்காமல் போகக்கூடிய வேகமும் கூடும். வட்டத்தின் ஆரம் இரு மடங்கானால் வேகம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடும். ஆகவே பாதையின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போகிறவன், நடுவிலேயே சுற்றி வருகிறவனைவிட வேகமாகப் போக முடியும். இதற்குப் புது டயர் வேண்டாம். பாதையின் முழு அகலத்தையும் பயன்படுத்தத் தெரிந்தால் போதும்.

இன்னொரு கணக்கு பிரேக்கைப் பற்றியது. வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். புதிதாக ஓட்டுகிறவன் வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிட்டு, உள்ளே போன பிறகு பிரேக்கை மிதிப்பான். டயருக்கு இருக்கும் பிடிமானம் ஒரு குடும்பத்தின் சம்பளம் மாதிரி அளவானது. அதைப் பிரேக்குக்கும் திருப்புவதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுக்கும் போதாது, வண்டி நேராக வழுக்கிக்கொண்டு போகும். நேர்ப்பாதையிலேயே பிரேக் போட்டு முடித்து, மெதுவாக நுழைந்து, வெளியே வரும்போது முடுக்குகிறவன், அந்த வேகத்தை அடுத்த நேர்ப்பாதை முழுக்கக் கொண்டுபோகிறான்.

இனி பிரான்சுக்கு வருகிறேன். 1958இல் மொனாக்கோவில் மொரீஸ் த்ரெந்தினியான் வென்ற பிறகு, உலகப் போட்டியின் கிராம்ப்ரீ ஒன்றை வெல்ல 13 வருஷம் எந்தப் பிரெஞ்சுக்காரராலும் முடியவில்லை. கார் செய்யத் தெரிந்த நாடு, மோட்டார் பந்தயத்தையே தொடங்கி வைத்த நாடு, ஓட்ட ஆள் இல்லாமல் நின்றது. அதைச் சரிசெய்த விதம்தான் என் தம்பி பேரன் தெரிந்துகொள்ள வேண்டியது.

அவர்கள் செய்தது இரண்டு. 1960இல் நெவேர் நகருக்குப் பக்கத்தில் மாஞி-கூர் என்ற ஊரில் ஒரு சிறிய பந்தயப் பாதை வந்தது. ஸ்னெட்டர்டனில் பந்தயப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜிம் ரஸ்ஸல் என்பவரின் முறையை நைட் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் அங்கே கொண்டுவந்தார்கள். பின்னால் வின்ஃபீல்டு என்று பெயர் பெற்ற பள்ளி அதுதான். மாணவர்கள் எல்லாருக்கும் பள்ளியின் வண்டியே. ஷெல் எண்ணெய்க் கம்பெனி, பிறகு எல்ஃப் கம்பெனி, வருஷத்துக்கு ஒரு பரிசு வைத்தன. ஒரே வகை வண்டியில், ஒரே பாதையில், கடிகாரத்துக்கு முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். முதலில் வருகிறவருக்கு ஒரு வருஷப் பந்தயத்துக்கு வழி பிறக்கும். அப்பன் பணக்காரனா, என்ன வண்டி வைத்திருக்கிறான் என்ற பேச்சே கிடையாது.

இரண்டாவது, ரெனோ கம்பெனி 1966இல் தொடங்கிய கொர்தினி கோப்பை. நீல நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட ரெனோ 8 கொர்தினி காரை நம் ஊரில் படத்திலாவது பார்த்தவர்கள் இருப்பீர்கள். இந்தக் கோப்பையில் எல்லாரும் அந்த ஒரே காரைத்தான் ஓட்ட வேண்டும். தோற்றவன் வண்டியைக் குறை சொல்ல முடியாது. எங்கே நேரம் போயிற்று என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த முதல் வருஷத்தில் ஓட்டியவர்களில் ழான்-பியேர் ழபூய் ஒருவர். 1979 ஜூலை 1ஆம் தேதி திழோனில் பிரெஞ்சு கிராம்ப்ரீயை, பிரெஞ்சு ரெனோ காரில், பிரெஞ்சு மிஷ்லேன் டயரோடு அவர் வென்றார்.

மாஞி-கூரின் 1966 இறுதிப் போட்டியில் பிரான்சுவா செவேர் முதலில் வந்தார். அவரிடம் தோற்றவர்களில் பத்ரிக் தெபாயேயும் ஒருவர். செவேருக்கு அல்பீன் கம்பெனியின் ஃபார்முலா 3 வண்டி பரிசாகக் கிடைத்தது. 1970இல் அவர் டிரல் அணிக்குப் போனபோது அங்கே மூத்தவராக இருந்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜாக்கி ஸ்டூவர்ட். போட்டியாளனுக்குத் தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுக்கிறவர் குறைவு. ஸ்டூவர்ட் தமக்குத் தெரிந்ததையெல்லாம் தம்பிக்குச் சொல்வது போலச் சொல்லிக்கொடுத்தார். 1971இல் அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளெனில் செவேர் வென்றதோடு அந்த 13 வருஷ வறட்சி தீர்ந்தது.

அதே வாட்கின்ஸ் கிளெனில், 1973 அக்டோபர் 6ஆம் தேதி, பந்தயத்துக்கு முந்தைய ஓட்டத்தில், இரும்புத் தடுப்பில் மோதி செவேர் இறந்தார். வயது 29. மூன்றாவது முறையாக உலகச் சாம்பியன் ஆகியிருந்த ஸ்டூவர்ட் அடுத்த நாள் ஓட்டியிருந்தால் அது அவருடைய 100ஆவது கிராம்ப்ரீ. அவர் ஓட்டவில்லை. பிறகும் பந்தயத்துக்குத் திரும்பவில்லை. மாஞி-கூரில் செவேரிடம் தோற்ற தெபாயே 1978இல் மொனாக்கோவை வென்றார். 1980 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஹொக்கன்ஹைமில் சோதனை ஓட்டத்தில் அவரும் இறந்தார்.

இதை எழுதுவது பையனைப் பயமுறுத்த அல்ல. வேகம் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளையைத் தடுத்து நிறுத்த நம்மால் முடியாது. நாம் தடுத்தால் ஈ.சி.ஆர். ரோட்டில் போய்க் கற்றுக்கொள்வான், எதிரே யாரோ ஒருவர் குடும்பத்தோடு வந்துகொண்டிருப்பார். கூம்பு மைதானத்தில் தவறினால் 2 வினாடி போகும், கூம்பை எடுத்து நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். வண்டியின் எல்லை எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க அதைவிடப் பத்திரமான இடம் வேறு எது?

ஆகவே அவனுக்கு எழுதியது இதுதான். ஒரு வருஷம் வண்டியில் ஒன்றையும் மாற்றாதே. டயர் காற்றை ஒழுங்காகப் பார், அது போதும். வண்டியையும் மாற்றி உன்னையும் மாற்றினால், எது பலன் தந்தது என்று எப்படித் தெரியும்? போட்டிக்கு முன்னால் பாதையை நடந்து பார்க்க விடுவார்கள். ஒருமுறை நடந்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகாதே. கண்ணை மூடினால் பாதை முழுக்கத் தெரியும்வரை நட. பழகினவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று வரக் கேள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு நேரத்தையும் எங்கே தவறினாய் என்பதையும் நோட்டில் எழுதி வை. அடுத்த ஓட்டத்தில் ஒன்றை மட்டும் திருத்து.

எல்லாவற்றுக்கும் மேல், கண் எங்கே இருக்கிறது என்று பார். வாடகை சைக்கிளில் ஓட்டப் பழகிய நம் தலைமுறைக்கு இது தெரிந்த விஷயம். கல்லில் ஏற்றிவிடுவோமோ என்று கல்லையே பார்த்தால் சைக்கிள் நேரே கல்லுக்குத்தான் போகும். கூம்பும் அப்படியே. தட்டக் கூடாது என்று எதைப் பார்க்கிறாயோ அதைத் தட்டுவாய். இந்தக் கூம்பைக் கடக்கும்போது கண் அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் போயிருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு அலேன் ப்ரோஸ்தைச் சொன்னேன். 1975இல் போல் ரிக்கார் பந்தயப் பாதையில் எல்ஃப் பரிசை வென்று வந்தவர். 1985, 1986, 1989, 1993 என நான்கு முறை உலகச் சாம்பியன். அவர் ஓட்டுவதைப் பார்த்தால் வேகமாகப் போவது போலவே இருக்காது. அவருக்குப் 'பேராசிரியர்' என்று பட்டப்பெயர்.

பிரான்சில் பலித்த இந்த வழி நம் பக்கத்துக்கும் வந்தது. 1980களின் பிற்பகுதியில் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற எளிய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, கட்டுப்படியாகும் செலவு. 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். கோவையின் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் அந்த ஃபார்முலா மாருதியை ஓட்டி, முதல் பந்தயத்திலேயே மேடையேறிய கோவைப் பையன் ஒருவன் 1992இல் பிரான்சுக்குப் போனான். போன இடம் இதே வின்ஃபீல்டு பள்ளி. எல்ஃப் பரிசுப் போட்டியில் அரையிறுதிவரை வந்தான், பரிசு கிடைக்கவில்லை. அதோடு விட்டுவிடாமல் இங்கிலாந்துக்குப் போய் சின்னப் பந்தயங்களில் ஓட்டினான், 1994இல் அங்கே ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்றான். 2005இல் மெல்பர்னில், ஜோர்டன் அணியின் வண்டியில், ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார் நாராயண் கார்த்திகேயன். 15 வயதில் வின்ஃபீல்டில் அவருக்குக் கொடுத்ததும் மற்ற எல்லாருக்கும் கொடுத்த அதே வண்டிதான்.