ஓடக்காரன், ஒற்றன், வீர வைஷ்ணவன்: கல்கியின் கதைத் தோழர்கள்

வந்தியத்தேவனைப் பற்றி எழுதாதவர்கள் கிடையாது. குந்தவையா, நந்தினியா, வானதியா என்று ஆளுக்கொரு கட்சியும் உண்டு. கதாநாயகனுக்குப் பக்கத்தில் நடந்து வருகிறவர்களை மட்டும் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. துடுப்புப் போடுகிறவன், ஓலை சுமக்கிறவன், மதில் மேல் ஏறி ஒட்டுக்கேட்கிறவன்... இவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் கல்கியைப் பற்றியே வேறொரு சங்கதி தெரிய வருகிறது. திருச்சிக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம், அந்தச் சங்கதியின் இரண்டு முனைகளும் அவர்கள் ஊர்ப்பக்கம்தான் இருக்கின்றன.

இப்போது வரும் ரோல் பிளேயிங் வீடியோ கேம்களில் நாயகனோடு கூடவே வரும் தோழர்கள்தான் பாதி சுவாரஸ்யம். 2007, 2010, 2012 என்று மூன்று பாகங்களாக வந்த 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் கேரஸ், டாலி ஆகிய இரண்டு தோழர்கள் மூன்று பாகங்களிலும் வருகிறார்கள். ரசிகர்கள் உட்கார்ந்து 'முதல் பாகத்தில் எப்படி இருந்தான், மூன்றாவதில் எப்படி ஆனான்' என்று ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தமிழில் அப்படி ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான வரிசை எது என்று கேட்டால், கல்கியின் மூன்று சரித்திரத் தொடர்களைத்தான் சொல்ல வேண்டும்: 1941இல் தொடங்கிய பார்த்திபன் கனவு, 1944இல் தொடங்கிய சிவகாமியின் சபதம், 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன்.

முதலில் பொன்னன். உறையூருக்குப் பக்கத்தில் காவிரிக் கரையில் குடிசை, மனைவி வள்ளி, ஒரு படகு. அவ்வளவுதான் அவன் சொத்து. சோழ ராஜ குடும்பத்தை ஆற்றிலிருக்கும் வசந்தத் தீவுக்கு ஏற்றிப் போவது அவன் வேலை. (அந்தத் தீவை ஸ்ரீரங்கம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வசந்த மாளிகையோடு கூடிய அந்தத் தீவு கதைக்காகக் கல்கி காவிரியில் போட்டது.) பல்லவனுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் பார்த்திப மகாராஜா போருக்குக் கிளம்பும்போது பொன்னனும் வேலைத் தூக்கிக்கொண்டு வரத் துடிக்கிறான். கிடைப்பதோ 'நீ இங்கேயே இரு' என்ற உத்தரவு. ராணியையும் குழந்தை விக்கிரமனையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பொன்னன் மற்ற எல்லாத் தோழர்களிடமிருந்தும் பிரிந்து நிற்கிறான். சண்டையில் கூட நின்று பெயர் வாங்குவது சுலபம். ராஜா போய்ச் சாகிறார், இளவரசன் நாடு கடத்தப்படுகிறான், இவன் மட்டும் ஆற்றங்கரையில் காத்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் காத்திருக்கிறான். விக்கிரமன் வேஷம் போட்டுக்கொண்டு திரும்பி வந்து காட்டாற்று வெள்ளத்தில் அடித்துப் போகப்படும்போது கரை சேர்ப்பவனும் பொன்னன்தான். ஓடக்காரனுக்கு அதைவிடப் பொருத்தமான வீரச் செயல் கிடையாது! புத்தி என்று பார்த்தால் வள்ளிக்கு இரண்டு படி கூடவே உண்டு. வஞ்சகன் மாரப்ப பூபதியை அவள் எடை போடும் வேகம் பொன்னனுக்கு வராது. பொன்னனின் மூலதனம் விசுவாசம் ஒன்றுதான்.

இந்த விசுவாசத்துக்கு ஒரு காலம் இருக்கிறது. கல்கி திருச்சி நேஷனல் ஹைஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தவர், 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் சேரப் படிப்பை விட்டு வெளியே வந்தவர். 1922இல் ஒரு வருஷம் சிறை. 1941இல் தனிநபர் சத்தியாகிரகத்தில் மறுபடி சிறை. அங்கிருந்து வந்ததும் 'கல்கி' பத்திரிகை, உடனே பார்த்திபன் கனவு. உறையூரில் சோழர் புலிக்கொடியை ஏற்ற முயன்றதற்காக ஒரு இளவரசன் கைதாகித் தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான் என்று அன்றைக்கு ஒரு வாசகர் படித்தால், அவர் மனசில் எந்தக் கொடி பறந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட கதையில் பொன்னன் தலைவர்கள் ஜெயிலுக்குப் போன பிறகு ஊரில் மிஞ்சி நிற்கும் சாதாரணத் தொண்டன். அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. வந்தால் கதையே இல்லை.

சரித்திரம் என்ன சொல்கிறது? பார்த்திபனும் விக்கிரமனும் கல்கியின் கற்பனை. ஏழாம் நூற்றாண்டில் சோழர்கள் பல்லவருக்கு அடங்கிய சிற்றரசர் நிலைக்கு இறங்கியிருந்தார்கள் என்பது மட்டும் நிஜம். அதற்குச் சாட்சி மலைக்கோட்டையிலேயே இருக்கிறது. உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க ஏறும் வழியில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயிலும், லலிதாங்குர பல்லவேஸ்வர கிருஹம் என்று அதற்குப் பெயர் சொல்லும் கல்வெட்டும் உள்ளன. சோழர்களின் பழைய தலைநகரான உறையூரைக் கீழே பார்த்தபடி பல்லவன் தன் பட்டப்பெயரைப் பாறையில் வெட்டியிருக்கிறான். ஆற்றில் துடுப்புப் போட்டவனுக்கு அங்கே ஒரு வரியும் இல்லை. இருக்கவும் வழியில்லை.

சிவகாமியின் சபதத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. குண்டோதரன் என்று ஒருத்தன். பெயர் மீனாட்சி கல்யாணத்தில் சோற்று மலையைக் காலி செய்த பூதத்தின் பெயர். ஆயனச் சிற்பியிடம் சீடன் என்று சொல்லிக்கொண்டு வந்து சேருகிறான், அசட்டு முழி முழிக்கிறான், உண்மையில் மகேந்திர சக்கரவர்த்தியின் ஒற்றன். பொன்னனிடம் உள்ளே ஒன்று வெளியே ஒன்று கிடையாது. குண்டோதரனிடம் வெளியே இருப்பது முழுக்க வேஷம். ஆனால் வேஷத்துக்குக் கீழே அவனுக்கென்று ஒரு ஆசையோ கோபமோ இருக்கிறதா என்று தேடினால் கிடைக்காது. இந்த வரிசையிலேயே சிரிக்க வைக்கும், ஆனால் மனசில் நிற்காத தோழன் இவன்தான். தேரோட்டி கண்ணபிரானும் கமலியும்கூட இவனைவிட உயிரோடு இருக்கிறார்கள்.

இந்த நாவலின் நிஜமான தோழன் பரஞ்சோதி. முதல் அத்தியாயங்களில் காஞ்சிக்குள் நுழையும் கிராமத்துப் பையன், மதம் பிடித்த யானை மேல் வேலை எறிகிறான், படிப்படியாக மாமல்லனின் உற்ற நண்பனாகவும் சேனாதிபதியாகவும் ஆகிறான். மற்றவர்களைப் போல இவன் கற்பனை இல்லை. தன் மன்னனுக்காக வாதாபியை அழித்த தளபதி, பிறகு திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்ட நாயனாராக வாழ்ந்தவர் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிறார். வாதாபி வீழ்ந்தது 642 வாக்கில். நரசிம்மவர்மனின் கல்வெட்டு அந்த ஊரிலேயே இருக்கிறது.

கல்கியின் தொடர்களில் இரண்டு நாவல்களில் வரும் தோழனும் பரஞ்சோதியே. பார்த்திபன் கனவின் கடைசிப் பகுதியில் சிவனடியார் சிறுத்தொண்டராக வந்து ஒற்றைக் கை காபாலிகனின் முகமூடியைக் கிழிக்கிறார். வேடிக்கை என்னவென்றால் கல்கி அவருடைய முதுமையை முதலில் எழுதிவிட்டு, சில வருஷம் கழித்துத்தான் இளமையை எழுதினார். இப்போது சினிமாக்காரர்கள் பெரிய கண்டுபிடிப்பு போல விளம்பரம் செய்யும் முன்கதை உத்தி! இரண்டையும் சம்பவ வரிசையில் படிக்கிறவர்களுக்கு, வாதாபி எரிவதைப் பார்த்த ஒரு மனிதன் எப்படி வாளைக் கீழே போட்டான் என்பது புரிந்துவிடும். முடிவு முன்பே எழுதப்பட்டிருந்ததால் கல்கிக்கு அங்கே கைகள் கட்டப்பட்டிருந்தன. அதுவே நல்லதாகப் போயிற்று.

அடுத்து ஆழ்வார்க்கடியான் நம்பி. முன்குடுமி, உடம்பெல்லாம் சந்தனம், கையில் தடி, வாயில் வம்பு. வீரநாராயண ஏரிப் பக்கம் சைவரோடும் அத்வைதியோடும் மல்லுக்கு நிற்கும்போது வந்தியத்தேவன் அவனைச் சந்திக்கிறான். பல்லக்கில் போகிற பெண்ணிடம் ஒரு ஓலை கொடுக்க முடியுமா என்று நம்பி கேட்க, இவன் முடியாது என்கிறான். நட்பே மறுப்பில்தான் தொடங்குகிறது! அன்றிரவு கடம்பூர் மாளிகை மதில் மேல் அதே தலை தெரிகிறது. அப்போதிருந்து கடைசி வரை இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் பொய் சொல்லிக்கொண்டே ஒன்றாக அலைகிறார்கள். ஈழத்தில் தம்பள்ளைக்கு நடக்கும்போதுகூட யார் எதை மறைக்கிறார்கள் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

பொன்னனுக்கும் குண்டோதரனுக்கும் இல்லாத ஒன்று இவனுக்கு உண்டு: சொந்த விஷயம். நந்தினி இவனோடு வளர்ந்த தங்கை. அவள் எங்கே போய்க்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தும் தடுக்க முடியாத அண்ணன். மேலே கத்தும் வைஷ்ணவ வெறிக்குக் கீழே இந்த வலி இருப்பதால்தான் அவன் விகடகவியாக நின்றுவிடவில்லை. 2022இல் வந்த மணிரத்னம் படத்தில் ஜெயராம் சிரிப்பை நன்றாகப் பிடித்தார். இந்த வலிக்குப் படத்தில் இடம் போதவில்லை.

நம்பி கற்பனைதான். அவன் எஜமானர் அநிருத்தப் பிரம்மராயர் கற்பனை இல்லை. லால்குடிக்குப் பக்கத்தில், கொள்ளிடக் கரையில் இருக்கும் அன்பில் அவருடைய ஊர். சுந்தர சோழன் தன் 4ஆம் ஆட்சியாண்டில் அவருக்குக் கொடுத்த நிலக்கொடையைச் சொல்வதுதான் அன்பில் செப்பேடு. து.அ. கோபிநாத ராவ் அதை எபிகிராபியா இண்டிகா 15ஆம் தொகுதியில் பதிப்பித்தார். வைஷ்ணவக் குடும்பம், ஸ்ரீரங்கம் பெருமாளுக்குத் தலைமுறையாகத் தொண்டு செய்த குடும்பம். சைவர்களான சோழர்களுக்கு அப்படியொரு வைஷ்ணவர் மந்திரி. இந்த ஒரு தகவல் கிடைத்தால் போதாதா? மந்திரியின் கண்ணும் காதுமாகத் திரிய ஒரு வீர வைஷ்ணவன் பிறந்ததில் ஆச்சரியமே இல்லை.

1941இல் தோழன் என்றால் ராஜாவின் உத்தரவுக்காகக் கரையில் காத்திருப்பவன். 1950இல் தோழன் என்றால் அரசாங்க ரகசியம் சுமப்பவன், கேள்வி கேட்பவன், யாரையும் முழுசாக நம்பாதவன். நடுவில் நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. கொடியேற்ற ஆள் தேவைப்பட்ட காலம் போய், யார் ஆள வேண்டும் என்ற சண்டை வந்த காலம். கல்கி இதைத் திட்டம் போட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் பழுவேட்டரையர்கள் கூட்டம் போட்டு வாரிசை நிர்ணயிக்கும் கதையில் பொன்னன் வந்தால் ஒரு நாள் தாங்கமாட்டான்.

ஓடம் மட்டும் விடவில்லை. கோடிக்கரையில் அது பூங்குழலி கைக்குப் போகிறது. நீச்சல் தெரியாத வந்தியத்தேவனைக் கடலிலிருந்து இழுத்துப் போடுகிறாள், ஈழத்துக்கு ஏற்றிப் போகிறாள். 'நீ இங்கேயே இரு' என்று அவளுக்கு யாரும் உத்தரவு போட முடியாது. பொன்னன் கடைசி வரை ஓடக்காரனாகவே இருந்தான். பூங்குழலியோ பூக்கட்டும் சேந்தன் அமுதனைக் கைப்பிடித்து, அவனே உத்தம சோழன் என்று கதை திரும்பும்போது, சோழ சிம்மாசனத்தில் போய் உட்காருகிறாள்.